தட்டு, விங், பெரியப்பாவின் கிணறு

கடலில் மூழ்கிப் பழகுகிறவர்களுக்கு முதலில் மாட்டிவிடுவது ஜாக்கெட் மாதிரி ஒன்று. பை, பட்டை, காற்று எல்லாம் சேர்த்துத் தைத்தது. எனக்கும் அதைத்தான் மாட்டிவிட்டார்கள். முதல் நான்கு முறையும் அது காதுவரை ஏறிவந்து, நெஞ்சை நெருக்கி, தொட்டிலில் உட்கார்ந்த குழந்தை மாதிரி என்னை நிமிர்த்தியே வைத்திருந்தது. ஐந்தாவது முறை என்னோடு இறங்கியவர் வேறொன்று அணிந்திருந்தார். முதுகில் ஓர் உலோகத் தட்டு. தட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வட்டமாக ஒரு காற்றுப் பை. தட்டின் துளைகள் வழியாக ஒரே நீளப் பட்டை வந்து, தோளைச் சுற்றி இடுப்பில் பூட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான். மனிதர் பாயில் குப்புறப் படுத்தவர்போல் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தார். கரைக்கு வந்ததும் அவர் பெயரைக் கேட்பதற்கு முன்னால் தட்டின் பெயரைக் கேட்டேன். பேக்பிளேட். காற்றுப் பைக்கு விங்.

அடுத்த ஆறு மாதம் எனக்கு வேறு பேச்சே இல்லை. சென்னையில் ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் சோறு, ஒரு கையில் போன். தட்டு ஸ்டீலா, அலுமினியமா? ஸ்டீல் என்றால் இரண்டரைக் கிலோ வரும். அந்த அளவுக்கு இடுப்பில் கட்டும் ஈயக்கட்டி குறையும். அலுமினியம் அதில் பாதிகூட வராது, ஊர் ஊராகத் தூக்கிப்போக வசதி. நம் கடல் வெதுவெதுப்பானது, மெல்லிய உடை போதும், அந்த உடை அதிகம் மிதக்காது, ஆகவே அலுமினியமே போதும் என்று அனுபவசாலிகள் எழுதியிருந்தார்கள். விங் பற்றி எல்லோரும் ஒரே குரல்: ஒற்றைச் சிலிண்டருக்குச் சின்னதாக வாங்கு, பெரிசாக வாங்கினால் மிச்சப் பை முதுகில் படபடவென்று அடித்துக்கொண்டே வரும்.

விங்கைச் சின்னதாகவே வாங்கினேன், ஒருவர் பயன்படுத்தியது. தட்டு விஷயத்தில் மட்டும் புத்தி ஊர்ப்பக்கம் போய்விட்டது. எங்கள் வீட்டில் அண்டா வாங்கினாலும் குத்துவிளக்கு வாங்கினாலும் முதலில் கையில் தூக்கிப் பார்ப்பார்கள். கனத்தால் சாமான், கனக்காவிட்டால் தகரம். ஸ்டீல்தான். அதைக் கடையில் வாங்குவானேன், அருப்புக்கோட்டையில் என் சேக்காளி இருக்கும்போது?

அவனும் நானும் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவதுவரை ஒரே பெஞ்ச். திருச்சுழிப் பக்கம் எங்கள் இருவருக்கும் ஒரே ஊர். ஆனால் அவன் தெரு ஓடைக்கு அந்தப் பக்கம். அவன் அப்பா எங்கள் குடும்பத்துக் காடுகளில் கூலிக்கு நின்றவர், இப்போது இல்லை. அவன் ஐ.டி.ஐ. முடித்து, டவுனில் சொந்தமாக கேட், கிரில் செய்யும் ஒர்க்‌ஷாப் போட்டிருந்தான். நான் போனில் படத்தைக் காட்டியதும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

"என்னலே இது, டிராக்டர் சீட்டு மாதிரி இருக்கு?"

"முதுகுல மாட்டுறதுலே."

"ஏன், உனக்கு முதுகெலும்பு இல்லையா?"

சிரித்துக்கொண்டே ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்தான். என் முதுகில் அட்டையை வைத்து அளவெடுத்தான். மூன்று மில்லி ஸ்டீலை வெட்டி, நடுவில் பள்ளம் வருகிற மாதிரி மடக்கி, துளை போட்டு, பட்டை அறுந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு துளையின் விளிம்பையும் அரம் வைத்து ராவினான். இரண்டு ஞாயிறு போனது. துட்டு என்று வாயெடுத்தபோது, ராவின தூளை என் சட்டையில் தட்டிவிட்டான்.

"துட்டெல்லாம் வேணாம். ஒருக்கா என்னைய ஒங்க பெரியப்பா கெணத்துல இறக்கி விடு. போதும்."

அந்தக் கிணற்றை ஆழப்படுத்திய கூலிகளில் அவன் அப்பாவும் ஒருவர். நாங்கள் பிறப்பதற்கு முந்தைய கதை. கோடையில் தண்ணீர் வற்றியதும் இறங்கிப் பாறையில் குழியடித்து, வேட்டு வைத்து, கல்லை மேலே ஏற்றுவார்கள். பொழுது சாயும்போது, அன்றைக்கு எதுவரை வெட்டியதோ அங்கே ஒவ்வொருவரும் சுவரில் தன் குறியை உளியால் போட்டுவிட்டு ஏற வேண்டும். மேஸ்திரி அந்தக் குறிகளைப் பார்த்துத்தான் கூலி சொல்லுவார். அவன் அப்பாவின் குறி ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. சாகும்வரை அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாராம், வடக்குச் சுவர், ஊற்றுக்கண்ணுக்கு ஒரு முழம் மேலே என்று. அதன்பிறகு தண்ணீர் அந்த மட்டத்துக்கு இறங்கியதே இல்லை.

"தண்ணி இல்லாதப்பப் பூரா எங்கய்யா அதுக்குள்ளதான்லே கெடந்தாரு" என்றான். "தண்ணி வந்தப்புறம் கிட்டப் போகக்கூட விடலை. நானும் கம்மாயிலதான் நீச்சப் பழகுனேன். அந்தக் குறியை ஒரு தடவை தொட்டுட்டு வந்துட்டா என் வேலை முடிஞ்சுது."

"இவ்வளவுதானா? மழை முடியட்டும், இறங்குறோம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

இந்தப் பட்டையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கடை ஜாக்கெட் மாதிரி இழுத்துவிட்டால் ஆளுக்கு ஆள் மாறாது. ஒரே பட்டையைத் துளைகளில் கோத்து, ஒருவர் உடம்புக்கு அளவு வைத்துவிட்டால் அவருக்குத்தான். இன்னொருவர் போடவேண்டுமானால் உருவித் திரும்பக் கோக்க வேண்டும். அதற்கும் அவன் ஒரு வழி செய்தான். என் தோள் அளவு வருமிடத்தில் பட்டையில் வெள்ளை நூலால் ஒரு கோடு தைத்தான், அவன் அளவுக்குச் சிவப்பு நூல். "பாத்தியா, பத்தே நிமிசம். நீ ஏறுன ஒடனே நான் எறங்கிருவேன்" என்று அவன் உடம்பில் மாட்டியே காட்டினான். முகக்கண்ணாடியும் மூச்சுக் குழாயும் கொடுத்து மூன்று ஞாயிறு அவனைக் கண்மாயில் பழக்கினேன். என்னைவிட நிதானமாக மூச்சு விட்டான்.

அந்த வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றவில்லை. கிணற்றில் தண்ணீர் மேற்படிகள்வரை நின்றது. கடற்கரையிலுள்ள டைவ் கடையில் இரண்டு சிலிண்டர் வாடகைக்கு எடுத்துக் காரில் கொண்டுவந்தேன், எனக்கொன்று அவனுக்கொன்று. பெரியப்பா குடியிருப்பது டவுனில், அறுப்புச் சமயம் தவிர காட்டுப் பக்கம் வரமாட்டார் என்பது கணக்கு. காலை எட்டு மணிக்கு அவன் இரண்டு சிலிண்டரையும் இரு தோளில் வைத்துக்கொண்டு பருத்திக்காட்டு வரப்பில் எனக்கு முன்னால் நடந்தான். "ஏலே, ஈரக் கரிசலு, வழுக்கிரப் போறே, முதுகெலும்பில்லாதவனே" என்று சத்தம் போட்டுக்கொண்டே போனான்.

பெரியப்பாவுக்கு யார் போன் செய்தார்களோ தெரியாது. நான் தட்டை மாட்டிப் பட்டையை இறுக்கிக்கொண்டிருக்க, அவன் அரை டவுசரோடு மூன்றாவது படியில் கால் நனைய உட்கார்ந்திருந்தபோது பைக் சத்தம் கேட்டது. கூட இரண்டு பங்காளிகள். பெரியப்பா கிணற்று மேட்டில் நின்று, இடுப்பில் கை வைத்துக் கீழே பார்த்தார்.

"என்னடா, மெட்ராஸ்ல தண்ணி இல்லைன்னு இங்கே வந்துட்டியா?"

"சும்மா டெஸ்டு பண்ண பெரியப்பா."

"கூட யாரு?"

"பிளேட் செஞ்சது. டவுன்ல ஒர்க்‌ஷாப்பு."

"இன்னார் மகந்தானே? நான் சிலிண்டரு தூக்கியார வந்தவன்னுல்ல நெனச்சேன்." அவனைப் பார்த்தே சொன்னார். "ஏம்ப்பா, ஒங்கப்பன் காஞ்ச கெணத்துல எறங்குனான். நீ ரொம்பின கெணத்துல எறங்குறியாக்கும். முன்னேத்தம்தான்."

அவன் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டான்.

"இறங்கட்டும், இறங்கட்டும், யாரு வேணாங்குறா?" என்றார் பெரியப்பா பங்காளிகளைத் திரும்பிப் பார்த்து. "அப்புறம் மோட்டாரைப் போட்டு எறைச்சு ஊத்திட்டுப் புதுத்தண்ணி ஊற விட்டாப் போச்சு. கரண்டு என்ன நம்ம காசா?"

பங்காளிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயில் மூச்சுக் கருவி இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். இல்லை, கையில் இருந்தது. சிரிப்பு சுவரில் மோதிக் கிணற்றுக்குள் போய்த் திரும்பி வந்தது.

முதலில் நான் இறங்கினேன். ஸ்டீல் தட்டைப் பற்றி எழுதியிருந்ததெல்லாம் உண்மை. கனம் முதுகில் சரியான இடத்தில் உட்கார்ந்தது, கால் தாழவில்லை, விங்கில் கொஞ்சம் காற்று விட்டதும் அந்தரத்தில் அப்படியே நின்றேன். பச்சைத் தண்ணீர், கை நீளத்துக்கு மேல் தெரியவில்லை. டார்ச்சை அடித்துக்கொண்டு வடக்குச் சுவரோடு போனேன். வேட்டுக்குக் குழியடித்த தடங்கள் பாறையில் பாதிக் குழாய் போல் வரிசையாக இருந்தன. அதற்குக் கீழே குறிகள். ஒரு சூலம், மூன்று கோடு, ஒரு பெருக்கல். பிறகு ஊற்றுக்கண், அதன்மேல் ஒரு முழத்தில் உள்ளங்கையளவு வட்டம், நடுவில் புள்ளி. பாசியைத் துடைக்கக்கூடத் தேவைப்படவில்லை. விரலை விட்டால் புள்ளி முதல் கணுவரை போனது. அவர் அவசரமாகச் செதுக்கவில்லை.

மேலே ஏறும்போது என்னிடம் ஒரே யோசனைதான்: இருக்கிறது என்று சொன்னால் இவன் இறங்கியே தீருவான்.

தலையை நீட்டியதும் அவன் படியில் குனிந்தான். மெதுவாகத்தான் கேட்டான். "இருக்கா?"

"ஒண்ணும் தெரியலை. பூரா பாசி."

"வடக்குச் செவுருல பாத்தியா?"

"எல்லாப் பக்கமும் பாத்தேன்."

அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, நான் பாக்குறேன். ஏறு" என்று கை கொடுத்தான். மேட்டில் பெரியப்பா பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தார். பயிற்சிச் சான்று இல்லாமல் சிலிண்டரோடு இறங்கக் கூடாது என்று நான் சொல்லியிருக்கலாம். உண்மை, அதுதான் விதியும்கூட. அன்றைக்குவரை எனக்கு ஞாபகம் வராத விதியை அப்போது எடுத்தால் அவன் சிரிப்பான் என்று, வேறொன்று எடுத்தேன். மேட்டுக்குக் கேட்கும்படி கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

"பட்டை என் அளவுலே. உனக்குச் சேராது. பிரிச்சுக் கோக்கணும்னா ஒரு மணி நேரம் ஆகும்."

சொல்லும்போது பட்டை என் தோளிலிருந்து அவன் கண்ணுக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை நூல் கோடு. நாலு விரல் தள்ளிச் சிவப்பு நூல் கோடு. நனைந்து இன்னும் சிவப்பாகத் தெரிந்தது. அவன் அதைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

"அளவு சேரலைங்குறானா? விடுப்பா, அவனவன் அளவு அவனவனுக்கு" என்றார் பெரியப்பா மேலிருந்து.

"சரிதாங்க" என்றான். சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, "இப்படித் திரும்புங்க" என்றான் என்னிடம். முதுகிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி, சிலிண்டரைக் கழற்றிப் படியில் சாய்த்தான். நட்டைக் கழற்றி விங்கைப் பிரித்தான். பிறகு பட்டையை உருவினான், தோள்துளை, இடுப்புத்துளை, மறுபடி தோள்துளை. இழுத்த இழுப்புக்கு வந்தது, விளிம்பைத்தான் அவ்வளவு ராவியிருந்தானே. பெரியப்பாவின் பீடி பாதிகூடத் தீரவில்லை, தட்டு தனியாக அவன் கையில் இருந்தது.

"என்னப்பா, குடுத்ததைத் திரும்ப வாங்குறே?" என்றார் பங்காளிகளில் ஒருவர்.

"அளவு சரியில்லைங்குறாகல்ல. திருத்திக் கொண்டாரேன்."

தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரப்பில் நடந்தான். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். பஸ்ஸு இருக்கு என்று திரும்பாமலே சொன்னான். வீரசோழன் பஸ் அந்த வழியாக வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது, அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

சிலிண்டர்களைத் திருப்பிக் கொடுத்தபோது டைவ் கடைக்காரர் ஒன்றின் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "இதைத் திறக்கவே இல்லையே தம்பி, ரெண்டு ஏன் எடுத்துட்டுப் போனீங்க?" என்றார். ஒரு ஆள் வரலை என்றேன். அவன் தட்டைத் திருத்திக் கொண்டுவரவில்லை. நானும் போன் செய்யவில்லை. அடுத்த மாதமே அலுமினியத் தட்டு ஒன்றைக் கடையில் வாங்கிவிட்டேன். பட்டை பழையதுதான். யாராவது எது வாங்கலாம் என்று கேட்டால் அலுமினியம் என்கிறேன், நம் கடலுக்கு அதுவே போதும் என்று காரணமும் சொல்கிறேன். சரியான காரணம்தான்.

பெரியப்பா சொன்னது விளையாட்டுக்கு அல்ல. நான் சென்னை திரும்பிய நான்காம் நாள் அம்மா போன் செய்தாள்.

"ரெண்டு நாளா மோட்டாரு ஓடுதுடா. காட்டுக்குப் பாய்ச்சினாலும் பரவாயில்லை, ஓடையில விடுறாக. அந்தப் பய மூணாம் படியில கால வெச்சானாம்ல, அதுக்கு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இன்னொண்ணு கேளு. தண்ணி கீழ எறங்கவும் வடக்குச் செவுருல ஒரு வட்டம் தெரிஞ்சிருக்கு, நடுவுல புள்ளி வெச்சு. மேலருந்து பாத்தாலே தெரியுதாம். பெரியப்பா அந்தக் கெணத்துக்குள்ள ஒருநாளும் எறங்குனவுக இல்லையே, இத்தனை வருசமா தெரியாமப் போச்சேன்னு ஒரே பொலம்பல். குலசாமி கண்ணைத் தொறந்து காட்டியிருக்குன்னு மேட்டுல நின்னு சூடம் காட்டுனாக. வெள்ளிக்கிழமை பொங்கல் வைக்கணுமாம். ஆமா, நீதான் உள்ள எறங்குனியே, நீ பாக்கலையா?"

"இல்லம்மா" என்றேன். "பூரா பாசி."