தன்வந்திரியிடம் கேட்ட ஜுரம்

ஸ்ரீரங்கம் கோயிலில் தன்வந்திரி சன்னிதிக்கு வருகிறவர்கள் ஜுரம் போக வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்வார்கள். ஜுரம் வர வேண்டும் என்று போய் நின்றவர்கள், எனக்குத் தெரிந்து, நாங்கள் மட்டும்தான்.

எங்கள் பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயது. மூளையில் இருந்த கட்டியை எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்து முடித்திருந்தார்கள். கொட்டிய தலைமுடி திரும்ப வளர்ந்து இரட்டைப் பின்னல் போடும் அளவுக்கு வந்தது. அதன் பிறகு கட்டியும் திரும்ப வந்தது.

இப்படிக் கட்டி திரும்பி வந்த குழந்தைகளுக்குச் சென்னையில் ஒரு மருத்துவமனையில் இம்யூனோதெரபி என்ற எதிர்ப்பு சக்திச் சிகிச்சை கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். அங்கே இருந்த டாக்டர் அம்மா பொறுமையாக விளக்கினார். உடம்பைக் காவல் காக்கும் அணுக்கள் கட்டியை வீட்டு ஆள் என்று நினைத்து விட்டுவிடுகின்றன. இந்த மருந்து அந்த அணுக்களை உசுப்பிவிடும், அப்புறம் அவையே கட்டியை ஒரு கை பார்க்கும். பார்க்கும் என்று உறுதியும் சொல்ல முடியாது. பார்க்கவில்லை என்றால் அடுத்து என்ன என்று கேட்டேன். அவர் மேஜை மேல் திறந்து கிடந்த பேனாவை எடுத்து மூடி போட்டார். எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

முதல் முறை மருந்து ஏற்றி அனுப்பும்போது இன்னொன்று சொன்னார். "இதுக்கு அப்புறம் சில குழந்தைங்களுக்குக் காய்ச்சல் வரும். உடம்பு முழிச்சுக்கிட்டதுக்கு அது ஒரு அடையாளமா இருக்கலாம். வராட்டியும் கவலைப்பட ஒண்ணும் இல்ல. ஆனா நூறைத் தாண்டினா உடனே போன் பண்ணிட்டுக் கிளம்பி வாங்க." நான்கு வாக்கியங்களில் நாங்கள் காதில் வாங்கிக்கொண்டது இரண்டாவதை மட்டும்தான்.

சிகிச்சையின் பெயரில் எதிர்ப்பு சக்தி இருக்கிறது என்று தெரிந்ததும் ஊரே அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தது. நெல்லிக்காய் லேகியம் வந்தது. நிலவேம்புப் பொடி வந்தது. மண்ணச்சநல்லூரிலிருந்து ஒரு மூட்டை கறுப்புக் கவுனி அரிசி வந்தது. எதையும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் எல்லாவற்றையும் நாங்களே சாப்பிட்டோம். அந்த வருஷம் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

என் கணவர் தென்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். ஒரு டிஜிட்டல் தர்மாமீட்டர் வாங்கினார். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க இன்னொன்றும் வாங்கினார். தினமும் காலையும் மாலையும் பெண் ஊஞ்சலில் உட்கார்ந்து அக்குளில் அதை வைத்துக்கொள்வாள். அது கீச்சென்றதும் நாங்கள் மூன்று பேரும் போய் நிற்போம். மூன்றாவது ஆள் என் நாத்தனார். எங்களோடேயே இருப்பவர், குழந்தைக்கு அத்தை. தினமும் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. உலகத்தில் எல்லா வீட்டிலும் நிம்மதியைத் தரும் அந்த எண்ணைப் பார்த்து நாங்கள் பெருமூச்சு விட்டோம்.

பொறுத்துப் பார்த்த நாத்தனார் ஒருநாள் என்னைச் சன்னிதிக்கு இழுத்துக்கொண்டு போனார். பட்டர் என்ன பிரார்த்தனை என்று கேட்டார்.

"குழந்தைக்கு ஜுரம் வரணும்."

"போகணும்னு சொல்லுங்கோ."

"இல்லை ஸ்வாமி. வரணும்."

பட்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் சற்று யோசித்துவிட்டு, க்ஷேமம், ஆரோக்கியம் என்று பொதுவாகச் சொல்லி அர்ச்சனையை முடித்துக்கொண்டார். நாத்தனாருக்கு அது போதவில்லை. ஜுரம் வந்தால் வீட்டுப் பெருமாளுக்கு அக்காரவடிசல் பண்ணுவதாகத் திரும்பி வரும்போதே நேர்ந்துகொண்டார்.

அடுத்த வாரம் ஒரு காலை, ஊஞ்சலிலிருந்து குரல் வந்தது. "அம்மா, நூத்தி ஒண்ணு."

சமையலறையிலிருந்து ஓடினேன். நூற்றி ஒன்றேதான். நாத்தனார் நெற்றியில் கை வைத்து, "ஐயோ, கொதிக்கறதே!" என்று ஆனந்தமாகச் சொன்னார். என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதேன். இரண்டாவது தர்மாமீட்டர் அலமாரியில்தான் இருந்தது. நல்ல செய்தியைச் சரிபார்க்க யாருக்கும் தோன்றவில்லை. டாக்டருக்குப் போன் செய்தபோது என் குரலில் இருந்த சந்தோஷம் அவரைக் குழப்பியிருக்க வேண்டும். "காய்ச்சல்னுதானே சொன்னீங்க?" என்று மறுபடி கேட்டார். உடனே வரச் சொன்னார். கார் வருவதற்குள் அடுப்பில் அக்காரவடிசல் ஏறிவிட்டது. பெரம்பலூர் தாண்டும்வரை காரெல்லாம் நெய் வாசனை.

மருத்துவமனையில் நர்ஸ் பார்த்தபோது தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. வழியில் இறங்கியிருக்கும் என்றேன். கிருமித் தொற்றாக இருக்கலாம் என்று ரத்தம் எடுத்தார்கள். அவளுக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம். இந்தக் கையில் குத்தி, அந்தக் கையில் குத்தி, கடைசியில் புறங்கையில் எடுத்தார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் வந்தார். "காய்ச்சல் எதனாலன்னு தெரியற வரைக்கும் அடுத்த டோஸைத் தள்ளி வெச்சுக்கலாம்," என்றார்.

அதுவரை வாயே திறக்காத பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "டாக்டர் ஆன்ட்டி, ஜுரம் இல்லை. மருந்தைப் போட்டுடுங்கோ."

அத்தையின் காபி டபராவில் தர்மாமீட்டரை ஒட்டி வைத்திருக்கிறாள். முதல் தடவை அளவு மீறிப்போய் எண்ணுக்குப் பதில் ஏதோ எழுத்து வந்ததாம். ஆறவிட்டு, எடுத்து எடுத்துப் பார்த்து, நூற்றி ஒன்றுக்குக் கொண்டுவந்தாளாம். பித்தளையில் சூடு சீக்கிரம் ஏறும் என்று அப்பாதான் சொல்லிக் கொடுத்தார் என்றாள். இயற்பியல் வாத்தியார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டி இப்படிப் பண்ணினே?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"தொண்ணூத்தெட்டு வந்தா எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறேள். நீ பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுண்டு அழறே. ஒரு நாளாவது சிரிப்பேளேன்னுதான்."

குழாயை நன்றாகத்தான் திறந்துவிட்டிருந்தேன்.

டாக்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, புறங்கையில் ஒட்டியிருந்த பஞ்சைச் சரிசெய்தார். "காபியா, பாலா?" என்று கேட்டார். "காபி," என்றாள். ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அடுத்த டோஸை ஏற்றினார்கள்.

சில வாரம் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் திரையைப் பார்த்தபடி, "வளரல. சின்னதும் ஆகல. இப்போதைக்கு இது நல்ல செய்தி," என்றார். இந்த முறை எல்லா வாக்கியங்களையும் காதில் வாங்கிக்கொண்டேன். இப்போதைக்கு என்ற சொல்லையும் சேர்த்துத்தான். வெளியே வந்து, குழாய் எதையும் திறக்காமல், எல்லார் முன்னாலும் அழுதேன்.

ஊருக்குத் திரும்பியதும் நாத்தனாரும் நானும் சன்னிதிக்குப் போனோம். பட்டர் மறக்கவில்லை. "ஜுரம் வந்துதோ?" என்று விசாரித்தார். "வந்தது, டபராவுல," என்றார் நாத்தனார். பட்டர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தீர்த்தம் கொடுத்தார்.

அன்று மாலை வழக்கம்போல ஊஞ்சலில் தர்மாமீட்டர் கீச்சென்றது. டபராவை எடுத்துக்கொண்டு நாத்தனார் எட்ட நின்றார். பெண் எண்ணைப் பார்க்கவில்லை. அதை அப்படியே என்னிடம் நீட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. நான் சிரித்தேன்.

"போறாதும்மா," என்றாள். "இன்னும் கொஞ்சம்."