மனித மரபணுவோடு ஒட்டாத மிச்சம்

கர்ப்பிணியின் ரத்தத்தில் குழந்தையின் மரபணுத் துணுக்குகளும் கலந்து மிதக்கும். அவற்றைப் படித்துக் குழந்தைக்குக் குறை ஏதும் இருக்குமா என்று சொல்வது எங்கள் பரிசோதனைக்கூடத்தின் வேலை. என் வேலை அதற்கும் ஒரு படி கீழே. மனித மரபணுவோடு பொருந்தாத துணுக்குகளைக் கணினியில் ஒதுக்கித் தள்ள வேண்டும். சொந்தக்காரர்களிடம் 'ஆராய்ச்சி' என்று அளந்துவிட்டிருந்தேன். மனைவிதான் மானத்தை வாங்குவாள்.

"ஊர்க் குப்பையெல்லாம் கிளறுறீங்க. வீட்டுக் குப்பையைக் கொட்டத்தான் கை வலிக்குது."

அந்த ரோஷத்தில் ஒருநாள், ஒதுக்கிய துணுக்குகளை வைரஸ்களின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு பெண்ணின் ரத்தத்தில் ஒரு வைரஸ் கொட்டிக் கிடந்தது. லிப்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறி ஓடி, முடிவுகளில் கையெழுத்துப் போடும் எங்கள் டாக்டரம்மா முன்னால் மூச்சிரைக்க நின்றேன். பாராட்டு விழாவுக்கு எந்தச் சட்டை என்பதுவரை வழியிலேயே முடிவாகிவிட்டது.

அவர் தன் கணினித் திரையில் அதைப் பார்த்தார். "முதல்ல தண்ணி குடிங்க. சில குடும்பங்கள்ல இந்த வைரஸ் மரபணுவோடயே ஒட்டிக்கிட்டு, பெத்தவங்ககிட்டேருந்து பிள்ளைக்கு வரும், நீள மூக்கு வர்ற மாதிரி. பொதுவா தொந்தரவு பண்ணாது."

மறுநாளே அலுவலகத்தில் எனக்கு 'வைரஸ் மாமா' என்று பெயர் விழுந்தது.

சூடு கண்ட பூனையாக அடங்கினேன். கிளறும் புத்தி மட்டும் போகவில்லை. சில வாரங்களில் வேறொரு பெண்ணின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி தெரிந்தது. கல்லீரலை அரிக்கும் வைரஸ். பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும். மறுபடியும் 'வைரஸ் மாமா' ஆகிவிடுவேனோ என்று மதியம்வரை தள்ளிப்போட்டேன். கடைசியில் டாக்டரம்மா அறை வாசலில் நின்று, "ஒண்ணுமில்ல மேடம், இதுவும் சும்மாதான் இருக்கும்..." என்று இழுத்தேன்.

திரையில் பார்த்த மாத்திரத்தில், அந்தப் பெண்ணின் மருத்துவமனையைக் கூப்பிட அவர் போனை எடுத்தார். என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு ஓடி வந்தீங்க, இன்னிக்கு ஆமையா வர்றீங்க. மாத்தி வந்திருக்கணும்."

தனியாக ரத்தம் எடுத்துச் சோதித்ததில் உறுதியானது. அந்தப் பெண்ணுக்கே அதுவரை தெரியாது. அவருக்கு மருந்து தொடங்கினார்கள். குழந்தை பிறந்த கையோடு அதற்குத் தடுப்பூசிகள் போட்டார்கள்.

குழந்தைக்கு ஒரு வயது தாண்டியபின் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "பிள்ளைக்குத் தொற்று இல்ல. டெஸ்ட் வந்துடுச்சு."

கம்பீரமாக ஏதாவது சொல்ல நினைத்தேன். "சரிங்க மேடம்" என்று திரும்பி, வாசல் என்று நினைத்து அவருடைய அலமாரிக் கதவைத் திறந்தேன்.