கிப்லாச் சுவரில் ஒரு மடக்கு மேசை

ஓடாவி வேலையில் பலகை சொன்னபடி கேட்கும், சுவரும் வீட்டுக்காரரும்தான் கேட்கமாட்டார்கள். கற்பிட்டிப் பக்கம் வீடு வீடாகப் போய்ச் சுவர் மேசை பொருத்துகிற தச்சன் நான். இப்போது பலருக்கும் கம்ப்யூட்டரில் வேலை வந்துவிட்டது, வீடு மட்டும் பெரிதாகவில்லை. ஒரு படம் மாட்டப் போய்ச் சுவரைப் பெயர்த்துக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும், ஆகவே என் பாடு புரியும். கண்டக்குழியில் ஒரே வீட்டில் ஒரே மேசைக்கு நான் பட்டதைச் சொல்கிறேன்.

சும்மா கிடைத்த மண்

அந்த வீட்டு நஸ்ரினா, வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களின் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் தமிழ் படிப்பிக்கத் தொடங்கியிருந்தார். கட்டிலில் தலையணைமேல் லெப்டொப்பை வைத்துத்தான் பாடம். நடுவில் குழந்தை காலால் உதைத்தால் ஆசிரியையின் முகம் போய்க் கூரை ஓடு தெரியும். ஒரு கிழமைக்குள் ஒழுங்கான இடம் பார்க்காவிட்டால் வகுப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். காற்றுக் காலம் என்பதால் கணவன் பௌசானின் தோணி கரையேறிக் கிடந்தது. வீட்டுக்கு அப்போது வருமானம் என்றால் அந்த வகுப்புதான்.

பௌசான் காட்டிய சுவரில் ட்ரில்லை வைத்தேன். புட்டுக்குள் விரல் போன மாதிரி இறங்கியது. மண் பொலபொலவென்று காலில் கொட்ட, கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. கடற்கரை மண்ணில் கட்டிய சுவரில் கலண்டர்கூட நிற்காது என்றேன். என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் ஆள், கொஞ்சமும் சங்கடப்படவில்லை.

"வாசல்ல மல மாதிரி மண் கிடக்குது நானா, அத உட்டுட்டு லொறி மண்ணுக்கு ஆர் போவான்?"

மாமியின் சுவர்

உறுதியான சுவர் ஒன்றே ஒன்று இருந்தது. பழைய வீட்டில் மிஞ்சிய செங்கல் சுவர், மேற்குப் பக்கம். தொழும்போது முகம் வைக்கும் கிப்லாப் பக்கமும் அதுதான். பௌசானின் உம்மா ஐந்து வேளையும் அதற்கு முன்னால்தான் முசல்லாப் பாய் விரித்துத் தொழுவார். முன் அறையில் வலையும் வந்து போகிற ஆட்களுமாக இருக்கும், அங்கே மனம் ஒன்றாது என்பது அவர் கட்சி. மருமகள் நஸ்ரினா மாமிக்கு முன்னால் குழந்தையை இடுப்பு மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நின்றார். பார்க்கவே பாவமாக இருந்தது. தொழும் நேரத்தில் மேசையைச் சுவரோடு மடித்துவிடலாம், வெறும் பலகைதான் தெரியும் என்று நான்தான் கெஞ்சினேன். மாமி பலகையைத் தடவிப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் சம்மதித்தார்.

"பாங்கு சொன்ன ஒடன மடிக்கோணும். ஸுஜூதுக்குக் குனியக்குள்ள என்ட தலைல விழுந்திச்செண்டா ஒங்களத்தான் கூப்பிடுவன் மகன்."

தோணிக் கயிறு

திறந்த மேசையைத் தாங்க இரு பக்கமும் சங்கிலி போடுவது என் வழக்கம். பௌசான் அந்தச் சங்கிலியை அழுகின மீனைப் பார்ப்பது போலப் பார்த்தார். இந்த உப்புக் காற்றில் அது அடுத்த பெருநாளைக் காணாது என்று கழற்றி வீசிவிட்டு, தோணியிலிருந்து நைலோன் கயிறு வெட்டி வந்து தன் முடிச்சைப் போட்டார். நைலோன் இழுபடுமே என்று முனகினேன். பதிலுக்கு ஆள் மேசைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பேனை உருளும் அளவுக்கு மேசை சரிந்தது, விழவில்லை. இறங்கி வந்து முடிச்சை இறுக்கிச் சமப்படுத்தியவர், எனக்கு ஆறுதல் சொல்கிறவர் போலச் சொன்னார்.

"கடல்ல நாலு பேரயும் மீனையும் இழுத்த கயிறு நானா, தமிழ்ப் பாடத்துக்குத் தாங்காதா?"

அஸர் நேரம்

மழை தொடங்கினால் பலகை ஊதும். அந்தப் பயத்தில் ஒரு நாள் சீவுளியோடு போனேன். பள்ளிவாசலில் பின்னேர அஸர் தொழுகைக்கான பாங்கு சொல்லி முடிந்திருந்தது. மேசையோ திறந்தே கிடந்தது. நஸ்ரினா லண்டன் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாமி முன் அறையில் வலைக் குவியலை ஒதுக்கி, அந்த இடுக்கில் தொழுதுகொண்டிருந்தார். மேசை இறுகி மடங்காமல் போய், இந்த வயதில் அவரை வலைக்குள் துரத்திவிட்டதே என்று சீவுளியைக் கையில் எடுத்தேன்.

மாமி ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் பக்கத்தில் போய், இப்போதே சீவிச் சரி பண்ணுகிறேன் என்றேன். மாமி வாயில் விரலை வைத்து, சீவுளியைக் கீழே வைக்கச் சொன்னார். பாடத்துக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"அது நல்லாத்தான் மடங்குது மகன், நான்தான் மடிக்க வேணாமெண்டன். எந்த அறையில தொழுதாலும் அல்லாக்குக் கேக்கும், லண்டனுக்கு அந்த மூலையிலதான் சிக்னல்."

இதுவரை நான் செய்தவற்றில் ஆக நன்றாக மடங்கும் மேசை, மடிக்கவே ஆளில்லாத அந்த மேசைதான்.