படம் முடியுமுன் போன கரண்ட்

ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்கு, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி, பின் போர்ஷனில் வாடகைக்கு இருக்கும் மெட்டில்டா முன் போர்ஷனுக்குள் நுழைவாள். அதற்குள் வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்தியின் குடும்பம் டிவி முன்னாலிருந்து எழுந்து சாப்பிடப் போயிருக்கும். தூர்தர்ஷனில் அது அவார்டு படங்களின் நேரம். வங்காளம், மலையாளம், ஒரியா, எதுவானாலும் மெட்டில்டாவுக்குச் சம்மதம். கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படிக்கத் தெரியாது. முகங்களைப் படிப்பாள்.

பல்லாவரத்தில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் ஷெட்டில் அவளுக்குப் பதினெட்டு வருட வேலை. ஓரம் கோணப்போவது ஒரு தையல் முன்னாலேயே அவள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். படத்தையும் அந்தக் கண்ணால்தான் பார்ப்பாள். பக்கத்து மெஷின் குப்பம்மா, பெரிய படம் வந்தால் முதல் வாரமே தாம்பரம் ஓடுகிறவள். "இன்னாக்கா, சண்டை இல்ல, பாட்டு இல்ல, தூங்கறதுக்கா போற?" என்பாள்.

"நம்ம படத்துல கொடத்த எடுத்தா பாட்டு வந்துடுது. அவ தண்ணிய வூட்டுல கொண்டாந்து எறக்குனாளான்னு எவன் காட்டறான்? அதுல காட்டறான்."

எண்பத்தெட்டில் ஒரு ஞாயிறு, வங்காளப் படம். பிழைக்கப் போன புருஷனுக்காக ஒருத்தி தனியாகக் காத்திருக்கிறாள். கடைசியில் கடிதம் வருகிறது. அவள் அதைப் பிரிக்கும்போது கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்தபோது வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று நாள் மெட்டில்டா தெருவிலும் ஷெட்டிலும் விசாரித்தாள். ஒருவரும் பார்க்கவில்லை. நான்காம் நாள், தைத்ததைச் சரிபார்க்க வந்த சூப்பர்வைசர் யக்ஞநாராயணனையே கேட்டுவிட்டாள். குறை சொல்வதற்குத் தவிர அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை. குப்பம்மா தைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பார்த்தேம்மா. இனிமே வரமாட்டேன்னு எழுதியிருந்தான். அவ லெட்டரை மடிச்சு வெச்சுட்டு உலையில அரிசி போட்டா. அவ்ளோதான், முடிஞ்சுடுத்து."

"ஒரு ஆளுக்குப் போட்டாளா சார், ரெண்டு ஆளுக்கா?"

யக்ஞநாராயணன் கண்ணை மூடிக்கொண்டார். கையிலிருந்த தோலை மேஜைமேல் வைத்துவிட்டு, உள்ளங்கையைக் குவித்து, காற்றில் ஒரு கை அள்ளிப் போட்டார். சற்று நின்றார். பிறகு இன்னொரு கை.

மெட்டில்டா மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தாள்.