மலையிலிருந்து வராத கிருமி

எங்கள் ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தை வார்டில் நான்கு குழந்தைகளுக்கு அடுத்தடுத்து ரத்தத்தில் கிருமி கண்டது. வழக்கமான ஊசி எதற்கும் மசியாத கிருமி. லேப் டெக்னீஷியனான நான்தான் அதைச் சோதனைத் தட்டில் வளர்த்துப் பார்த்தேன்.

பழி போட ஆள் தயாராக இருந்தாள். அந்த நான்கில் ஒரு குழந்தையின் தாய், மலைமேல் இருக்கும் புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் வந்தவள், தன் குழந்தையின் தொப்புளில் விளக்கெண்ணெய் தடவியிருந்தாள்.

“மலையிலேர்ந்து கொண்டாந்துட்டா” என்றார் தலைமை நர்ஸ், எல்லோர் காதிலும் விழும்படி.

அன்றே அவளை வார்டுக்கு வெளியே உட்கார வைத்தார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவதாக இரண்டு முறை கிளம்பினாள். போனால் அந்தக் கிருமிக்குக் கேட்ட ஒரே ஊசியும் நின்றுவிடும், குழந்தை பிழைக்காது. இரண்டு முறையும் கெஞ்சித் தடுத்தேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் அந்த மலையில் பிறந்தவள்தான். எண்ணெய் தடவுவது நல்லது என்று சொல்ல வரவில்லை. சோதித்துவிட்டுப் பேசுங்கள் என்றுதான் கேட்டேன். யாரும் அசையவில்லை. நானே எண்ணெய், தண்ணீர்க் குழாய், கை கழுவும் சோப்பு பாட்டில் எல்லாவற்றிலும் மாதிரி எடுத்தேன். எண்ணெயில் ஒன்றும் இல்லை. சோப்பில் கிருமி வளர்ந்தது. பாட்டிலைத் தூக்கி எறிந்தோம். அப்போதும் நர்ஸ், அவள் கையிலிருந்துதான் சோப்புக்குப் போயிருக்கும் என்றார்.

அவள் வருவதற்கு ஒரு மாதம் முன்பே இதே வார்டிலிருந்து குணமாகி வீடு திரும்பிய ஒரு குழந்தையின் கிருமி என் ஃப்ரீசரில் இருந்தது. அதையும் சேர்த்து எல்லாவற்றின் மரபணு எழுத்து வரிசையையும் படிக்கச் சென்னைக்கு அனுப்பச் சொன்னேன். வீண் வேலை என்றார் வார்டு டாக்டர். கையெழுத்து வாங்காமல் அவர் அறையை விட்டு நான் நகரவில்லை.

பதினெட்டாம் நாள் முடிவு வந்தது. பழைய குழந்தையின் கிருமி, நான்கு குழந்தைகளின் கிருமி, சோப்பில் இருந்தது, எல்லாம் ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து ஒன்றே. அந்தப் பாட்டிலை நாங்கள் ஒருநாளும் காலி செய்து கழுவியதில்லை. குறையக் குறைய மேலேயே ஊற்றுவோம். சீக்கிரம் தீராமலிருக்கக் குழாய்த் தண்ணீரும் கலப்போம். ரத்த மாதிரி எடுக்க வார்டுக்குப் போகும்போது நானும் கலந்திருக்கிறேன்.

குழந்தைகள்தான் தேறிவிட்டார்களே, இனி அவளிடம் எதற்கு என்றார் டாக்டர். ஊரறியப் பழி சொன்னோம், ஊரறியவே இதையும் சொல்வோம் என்று அவரையும் நர்ஸையும் வராந்தாவுக்கு வரவழைத்தேன். நடந்ததை அவளிடம் சொன்னேன். மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அப்போ எம் புள்ளைக்கு இத்த குடுத்ததே நீங்கதானாங்க?”

 

“ஆமா, நாங்கதான்” என்றேன்.