பிரிட்ஜ் கதவில் பிறந்த கூட்ஸ் வண்டி

அந்த எஞ்சின் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குக் கலியாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டு வெள்ளைக்காரர்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். போகிறவர்கள் கதிரை, மேசை, அலுமாரி என்று எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போனார்கள். எங்களுக்கு ஒரு கட்டில் தேவைப்பட்டது. அதை வாங்கப் போன என் கணவர் ஒரு மரப்பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு திரும்பி வந்தார்.

"கட்டில் எங்க?" என்று கேட்டேன்.

"தரையில படுத்தால் முதுகுக்கு நல்லதாம்," என்றார்.

பெட்டிக்குள் ஒரு சாண் நீளத்தில் ஒரு கறுப்பு விளையாட்டு எஞ்சின் இருந்தது. வளைந்த தண்டவாளத் துண்டுகளும் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு இரும்புப் பெட்டியும் இருந்தன. எஞ்சினுக்குப் பின்னால் கொழுவ ஒரு ரயில் பெட்டிகூட இல்லை.

அவர் திருகோணமலை ஸ்டேஷனில், கூட்ஸ் ஷெட்டில் வேலை. பகல் முழுக்க மூட்டைகளுக்கும் சரக்குப் பெட்டிகளுக்கும் நடுவில் நின்றுவிட்டு, பின்னேரம் வந்து அந்த எஞ்சினை மேசையில் ஓடவிட்டுப் பார்ப்பார். வருசக்கணக்காக அது தனியாகவே ஓடியது. பெட்டிகள் கிடைக்குமா என்று கொழும்புக் கடைகளில் விசாரிக்கத் தொடங்கிய நேரம் வெளிநாட்டுச் சாமான்களின் வரத்து நின்றுவிட்டது. குளிக்கிற சவர்க்காரத்துக்கே வரிசையில் நின்ற காலத்தில் விளையாட்டு ரயில் பெட்டியை யார் இறக்குமதி செய்வார்கள்?

ஒருநாள் எஞ்சினைத் துடைத்தபடி, "இழுக்க ஒண்டுமில்லாத எஞ்சின். பாவம்," என்றார். அவர் குரலைக் கேட்க எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

"பெட்டியள நான் செய்து தாறன்."

அவர் சிரித்தார். "இஞ்சேரும், இது சட்டை தைக்கிற மாதிரியில்லை."

நான் துறைமுகப் பக்கத்துப் பெண்களுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தவள். அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டது. "சட்டை கை, கழுத்து, இடுப்பு எல்லாம் வளையும். உங்கட பெட்டிக்கு நாலு சுவர்தானே? அத வெட்ட எனக்கு ஏலாதோ?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடன் ஸ்டேஷனுக்குப் போனேன். யார்டில் நின்ற சரக்குப் பெட்டிகளை என் தையல் நாடாவாலேயே அளந்தேன். பெட்டிகளைத் தள்ளிக் கோக்கும் ஷண்டிங் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன அக்கா, வாகனுக்குச் சட்டை தைக்கப் போறியளோ?"

"ஓம். கழுத்தளவு எவ்வளவெண்டு சொல்லுங்கோ," என்றேன். யார்டே சிரித்தது.

உண்மைப் பெட்டியில் ஒரு அடி, எங்கள் பெட்டியில் நாலு மில்லிமீட்டர். இந்தக் கணக்கை அவர் சொல்லித் தந்தார். சட்டைக்கு வெட்டுவதுபோல முதலில் கடதாசியில் வெட்டினேன். பிறகு ஓட்டை விழுந்த ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கத்தரித்துச் சுவர்கள் செய்தேன். பசை போட்டு, நூலால் கட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். நூலை அவிழ்த்ததும் நாலு சுவரும் நாலு பக்கமாக விழுந்தன. மறுபடி ஒட்டினேன். மறுபடி விழுந்தன. அவர் விழுந்த துண்டுகளைப் பொறுக்கி மேசையில் அடுக்கி வைத்தார். அந்தப் பொறுமைதான் எனக்குக் கோபம்.

பட்டினத்தில் ரேடியோவும் பிரிட்ஜும் திருத்தும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அவர் நானா. கிண்ணியாவிலிருந்து தினமும் படகில் துறை கடந்து வந்து கடை திறப்பவர். வாளித் துண்டை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இது மெழுகுச் சாதி, தங்கச்சி. எந்தப் பசையும் பிடிக்காது. இதப் பாருங்க." உடைந்த ரேடியோ மூடித் துண்டு ஒன்றை எடுத்து, அதன் ஓரத்தில் பெயின்ற் தின்னரைத் தூரிகையால் தொட்டு, இன்னொரு துண்டோடு அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் இழுத்துப் பார்த்தேன். பிரியவில்லை. பிளாஸ்டிக் தானே உருகித் தன்னோடு தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இந்தச் சாதியில பெரிய தகடு வேணும் நானா."

அவர் யோசித்தார். "நிலாவெளியில ஒரு ஹோட்டல்ல பிரிட்ஜ் ஒண்டு உப்புக் காத்தில துருப்பிடிச்சுப் போச்சு. கதவுக்கு உள்பக்கத் தகடு இதே சாதிதான். வெளியில எறிஞ்சு கிடக்கு."

மறுநாளே நானும் கணவரும் நிலாவெளி போனோம். ஹோட்டல்காரர்கள் கொண்டுபோகச் சொன்னார்கள். அந்த வெள்ளைத் தகட்டில் முட்டை வைக்கும் குழிகள்கூட அப்படியே இருந்தன. அதை பஸ்ஸில் ஏற்றும்போது கொண்டக்டர் வழிமறித்தார்.

"இதென்ன அக்கா, கதவோ?"

"இல்லைத் தம்பி, கூட்ஸ் வண்டி," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், என் கணவர் முகத்தைப் பார்த்தார், டிக்கட் கிழித்தார்.

அந்தத் தகடு எனக்குப் பட்டுத்துணி மாதிரி. கத்தியால் கீறி மடித்தால் நேராக முறிந்தது. ஊசியின் பின்பக்கத்தால் கோடு இழுத்தால் பலகைச் சுவர் வந்தது. உண்மைப் பெட்டிகளில் ஆணித்தலைகள் வரிசையாக இருக்குமே, அவற்றுக்கு என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்தபோது, துணியில் அடையாளமிடும் பல்சக்கரம் கண்ணில் பட்டது. தகட்டின் பின்பக்கத்தில் அழுத்தி ஓட்டினேன். முன்பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் ஒரே இடைவெளியில் எழும்பி நின்றன. என் கணவர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "உது சரியாத்தான் இருக்கு," என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது.

சக்கரச் சில்லுகள்தான் என் பொறுமையைச் சோதித்தன. பெரிய கோட்டுப் பொத்தான் ஒன்றையும் சின்னப் பொத்தான் ஒன்றையும் சேர்த்து ஒட்டினால் சில்லின் உருவம் வந்தது, ஆனால் வட்டம் சரியில்லை, வண்டி நொண்டியது. தையல் மெஷினில் நூல் சுற்றும் கம்பி இருக்கிறதல்லவா? பொத்தான் சோடியை அதில் இறுக்கி, மிதித்துச் சுழலவிட்டு, அரத்தை மெதுவாக அதன் ஓரத்தில் பிடித்தேன். பிளாஸ்டிக் தூள் பறந்தது. நிறுத்திப் பார்த்தபோது சில்லு முழு வட்டமாக இருந்தது. சத்தம் போட்டுச் சிரித்தேன். அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடித்ததும் அப்போதுதான் மூக்கில் பட்டது.

அச்சுக்குச் சைக்கிள் கம்பி. பெட்டிகளை ஒன்றோடொன்று கொழுவச் சட்டைக் கொக்கி. சீனன்குடாவிலிருந்து எண்ணெய் ஏற்றும் தாங்கிப் பெட்டிக்கு ஒரு பவுடர் டப்பா. அதுவும் மெழுகுச் சாதி, ஒட்டவில்லை. ஒட்டாவிட்டால் கட்டலாமே என்று கறுப்பு நாடாவால் வரிந்து கட்டினேன். உண்மைத் தாங்கிகளையும் இரும்புப் பட்டியால் அப்படித்தான் கட்டியிருப்பார்கள்.

பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. எஞ்சின் இழுத்தால் அழகாக ஓடின. பின்பக்கமாகத் தள்ளினால் மட்டும் வளைவில் ஒன்றையொன்று முட்டிக் கவிழ்ந்தன.

"பாரமில்லை. அதுதான்," என்றார் அவர்.

சட்டை தைக்கக் கொடுத்திருந்த, சல்லிக் கிராமத்துப் பெண் ஒருத்தி அன்றைக்கு வந்திருந்தாள். அவள் புருசனுக்கு மீன்பிடி. வலையில் கோக்கும் ஈயக்குண்டுகள் கொஞ்சம் கேட்டேன். ஒரு போத்தல் நிறையக் கொண்டுவந்து தந்தாள். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் குண்டுகளைப் பதித்தேன். அதற்குப் பிறகு எங்கள் வண்டி தண்டவாளத்தில் உட்கார்ந்து ஓடியது.

நவராத்திரி வாணிவிழாவின் கடைசி நாள் கூட்ஸ் ஷெட்டில் ஆயுத பூசை. ஆயுதங்களோடு ஆயுதமாக வண்டியையும் வைக்கலாம் என்று என் கணவர் சொன்னார். இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டுத் தண்டவாளம் விரித்தோம். பூசை முடிந்து அவல், கடலை கொடுத்ததும் எல்லோரும் மேசையைச் சுற்றி நெருங்கினார்கள். கார்டுகள், ஷண்டிங் ஆட்கள், ஸ்டேஷன் மாஸ்டர், கடையைச் சாத்திவிட்டு வந்திருந்த நானா. தினமும் உண்மைப் பெட்டிகளோடு மாரடிப்பவர்கள் அவர்கள். அவர்கள் குனிந்து குனிந்து பார்க்க, நான் கொக்கிகளை இன்னொருதரம் இறுக்கினேன்.

வண்டி ஒரு சுற்று வந்தது. கைதட்டினார்கள். தலைமை ஷண்டிங்காரர் மட்டும் கைகட்டி நின்றார்.

"முன்னுக்கு இழுக்கிறது பெரிய காரியமில்லை. பின்னுக்குத் தள்ளிக் காட்டுங்கோ பாப்பம்."

என் கணவர் என்னைப் பார்த்தார். இரண்டு மேசைகளும் ஒரே உயரமில்லை, பொருத்தில் சின்னப் படி இருந்தது. வீட்டு மேசையில் அந்தப் படி இல்லை.

"தள்ளுங்கோ," என்றேன்.

வண்டி பின்பக்கமாக நகர்ந்தது. கடைசியில் இருந்த கார்ட் பெட்டி முதலில் படியில் ஏறி இறங்கியது. மூடிய பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. தாங்கிப் பெட்டி ஏறும்போது ஒருபக்கம் சாய்ந்து நின்றது. யாரோ "விழப்போகுது" என்றார்கள். அது ஒருதரம் ஆடிவிட்டு நிமிர்ந்தது. வளைவில் போனது. எஞ்சினும் படியைக் கடந்தது. ஒரு பெட்டியும் கழன்று விழவில்லை.

ஷெட் அதிர்ந்தது. நானா தொப்பியைக் கழற்றி ஆட்டினார். தலைமை ஷண்டிங்காரர் என் கணவரின் தோளில் தட்டி, "எப்பிடி ஐசே செய்தனீர்?" என்று கேட்டார்.

"நான் அளவுக் கணக்கு மட்டும் சொன்னனான். செய்தது முழுக்க இவ," என்றார் என் கணவர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. ஸ்டேஷன் மாஸ்டர் சுவரில் மாட்டியிருந்த பச்சைக் கொடியை எடுத்து வந்து என் கையில் தந்தார்.

"அடுத்த சுற்றுக்கு நீங்கள்தான் கொடி காட்ட வேணும்."

சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கொடியை உயர்த்தினேன். எங்கள் கூட்ஸ் வண்டி புறப்பட்டது.