களத்துமேட்டுல போட்ட மூணு எட்டு

எரிஞ்ச கிரீஸ் வாசனை எங்க அடிச்சாலும் எனக்கு மொதல்ல வர்றது வெட்கம்தான்...

காரணத்தை சொல்லிடறேன். காலையில ஏழு மணியில இருந்து உச்சி வெயில் வரைக்கும் ஒரு நட்டை கழட்டறேன் கழட்டறேன்னு இறுக்கிக்கினே இருந்த டிரைவர், உத்திரமேரூர் சுத்துவட்டாரத்துல நான் ஒருத்தன்தான்.

அறுபதுகள்ல நடந்தது. எட்டாவது வரைக்கும் படிச்சவன் நான். எப்படியோ லைசென்ஸ் எடுத்து, ரைஸ் மில் மொதலாளிகிட்ட கார் டிரைவரா சேர்ந்திருந்தேன். பழைய சீமைக் கார். "ரிப்பேர் தெரியுமாடா?"ன்னு கேட்டார். "எல்லாம் தெரியும்ங்க"ன்னுட்டேன். பஞ்சர் ஒட்டத் தெரியும். அவ்ளோதான்.

பின்னால இடது சக்கரத்துல பேரிங் போயிடுச்சு. திருப்புலிவனம் தாண்டறதுக்குள்ள ஊளை விட ஆரம்பிச்சிடும், கூடவே அந்த கருகின வாசனை. புது பேரிங் மெட்ராஸ்ல இருந்து பஸ்ல வந்து சேர்ந்தது. மொதலாளிக்கு மறுநாள் விடியக்காலை திண்டிவனத்துல சம்பந்தி வூடு பார்க்கப் போகணும்.

"சாயந்திரத்துக்குள்ள வண்டி ரெடியாகலன்னா காஞ்சிபுரத்துல இருந்து வேற ஆளு வருவான். மாட்டறதுக்கும் அவன்தான், ஓட்டறதுக்கும் அவன்தான்."

கோவமா சொல்லல. மணி என்னன்னு சொல்றா மாதிரி சொன்னார்.

வேலை போனா திரும்ப சேத்துல இறங்கணும். மூத்தவ அப்போ கைக்குழந்தை. என் பொண்டாட்டி கன்னியம்மா ஏற்கனவே மொதலாளி வயல்ல நடவுக்குப் போய்க்கினு இருந்தா. மாசச் சம்பளக்காரன் பொண்டாட்டின்னு தெருவுல அவளுக்கு ஒரு மரியாதை. அதுவும் போயிடும்.

ஸ்பேனர்ல பைப்பை சொருகி, அது மேல ஏறி நின்னு குதிச்சேன். நெல்லு ஏத்த வந்த லாரி டிரைவர் மாசிலாமணி, என் வயசுக்காரன்தான், பல்லு குத்திக்கினு வந்து நின்னான்.

"இன்னாபா பண்ணிக்கினு கீற?"

"நட்டு கழட்டறேன்."

"நீ எங்க கழட்டற... தாலி இல்ல கட்டிக்கினு கீற. இந்த வண்டிக்கு இடது பக்கம் மரை தலைகீழுப்பா. வலப்பக்கமா சுத்து."

சுத்தினேன். நட்டு வந்துடுச்சு. சக்கரம் மாட்டற குடம், ஹப், அது வரல. நான் காலையில இருந்து இறுக்கின இறுக்குல அது அச்சோட ஒண்ணாப் போயிருந்தது. சம்மட்டியில அடிச்சோம், கடப்பாரை போட்டு நெம்பினோம். கழட்டற கருவி காஞ்சிபுரத்துலதான் கீதுன்னான் மாசிலாமணி. காஞ்சிபுரத்துல இருந்து கருவி வந்தா கூடவே அந்த இன்னொரு டிரைவரும் வருவானே...

அப்புறம் அவனே ஒரு வழி சொன்னான். "நட்டை திரும்ப போட்டு, ரெண்டு மரை லூசா வுடு. சக்கரத்தை மாட்டி, வண்டி நிறைய வெயிட்டு ஏத்தி, களத்துமேட்டுல மெதுவா எட்டு போடு. திருப்பத்துல பட்டுனு ஒரு சத்தம் வரும். ஹப்பு விட்டுச்சுன்னு அர்த்தம். உடனே நிறுத்திடு."

வெயிட்டுக்கு நெல்லு மூட்டை கேட்டேன். "மூட்டை ஏத்தினா சீட்டு கிழியும்டா"ன்னார் மொதலாளி. அந்த நேரம் பார்த்து நடவு பொம்பளைங்க கூலிக்காக மில்லுக்கு வந்துக்கினு இருந்தாங்க. முழங்கால் வரைக்கும் சேறு. அவங்களை ஒரு பார்வை பார்த்தார். "கோணி போட்டு அதுங்களை ஏத்து."

எங்க தெருக்காரங்க யாரும் அந்த கார்ல உட்கார்ந்தது கிடையாது. நான்கூட ஓட்டறதுக்கு மட்டும்தான் உட்காருவேன். கன்னியம்மா அந்த வண்டியைக் கழுவ எத்தனையோ குடம் தண்ணி தூக்கியிருக்கா.

பின்னால அஞ்சு பேர் நெருக்கி ஏறினாங்க. "முன்னால நீ உக்காருடி, பொண்ணு மாப்ள ஊர்கோலம்"னு கன்னியம்மாவை என் பக்கத்துல தள்ளிவிட்டாங்க. மாசிலாமணி டீ குடிக்கப் போயிட்டான்.

"இன்னாயா, மெதுவா ஓட்டு."

"நடந்து வர்றவன்கூட நம்மளை தாண்டிடுவான் மே. இதுக்கு மேல மெதுவா இன்னா ஓட்றது?"

ஓரக்கண்ணால பார்த்தேன். சேத்துக்காலை கீழ வைக்காம அந்தரத்துலயே தூக்கிப் புடிச்சிருந்தா. பின்னால ஒரே கூத்து. "கொழுந்தனாரே, அப்படியே காஞ்சிபுரம் வுடு, பட்டு எடுக்கணும்."

மூணு எட்டு போட்டு நிறுத்தினேன். இறங்கி சக்கரத்தைத் தட்டினா, ஹப் கழண்டிருந்தது. மில்லுல நெல்லு அவிக்கிற அண்டா வெந்நீர்ல ஹப்பை முக்கி எடுத்தோம். சூட்டுல ஹப் விரிஞ்சதும் உள்ள இருந்த பழைய பேரிங் ரெண்டு தட்டுல கீழ விழுந்துது. பொழுது சாயறதுக்குள்ள புதுசை மாட்டிட்டேன். மறுநாள் திண்டிவனத்துக்கு நான்தான் ஓட்டினேன்.

போன வாரம் மகன் கார்லயும் அதே ஊளை சத்தம். சர்வீஸ்ல விட்டோம். ஏசி ரூம்ல உட்கார வெச்சு காபி குடுத்தாங்க. யார் கழட்டினான், எப்படி கழட்டினான், ஒண்ணும் தெரியல. போன்ல மெசேஜ் வந்தது, வேலை முடிஞ்சது. என் கையில ஒரு பொட்டு கிரீஸ் இல்ல... என்னமோ மாதிரி இருந்தது.

திரும்பி வர்றப்போ கன்னியம்மா பின்சீட்டுல காலை நீட்டிக்கினு பேத்திகிட்ட சொல்றா: "உங்க தாத்தாவுக்கு ஒரு ஹப்பு கழட்ட மூணு ரவுண்டு ஆச்சுடி. ஒரு ரவுண்டுல வர்ற வேலையாம், அந்த லாரிக்காரரு சொன்னாரு."

பேத்தி சிரிச்சுது. நானும் சிரிச்சு வெச்சேன்.

மொதல் எட்டு, மொதல் திருப்பத்துலயே பட்டுனு அந்த சத்தம் வந்துடுச்சு. என் சீட்டு வரைக்கும் அதிர்ந்தது. அப்போ அவ இன்னும் காலை கீழ வைக்கல.